அப்பாத்துரையின் தாடி

அப்பாத்துரை செத்துப் பதினாறு முடிந்த மறுநாள், ஆழ்வார்குறிச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவர் போட்டோவில் தாடி முளைத்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம், கார் அறுப்பு நேரம். சிவசைலம் அண்ணாச்சியின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்ததாகக் கீழ்க்கோர்ட்டு அவருக்கு ஆறு மாதம் போட்டிருந்தது. பழி நீங்காமல் முகம் மழிப்பதில்லை என்று சபதம் போட்டு அப்பீலுக்குப் போனவர், அப்பீல் நடக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். நாவிதர் மாரிக்கண்ணு வழக்கப்படி உடம்பைக் குளிப்பாட்டும்முன் சவரம் செய்துவிட்டார். சபதம் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. தாடிதான் எங்கே போகும், பாவம்? போட்டோவுக்கு வந்துவிட்டது.

செத்தவர் மேல் கேஸ் ஏது என்று ஊர் நிம்மதியாக இருந்தது. வக்கீல் ஸ்ரீவத்ஸன்தான் மனைவி ஆறுமுகத்தாயிடம் விவரம் சொன்னார். அப்பீல் அவரோடு போய்விடும், குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கும். முப்பது நாளுக்குள் மனைவி கேட்டால் அப்பீலைத் தொடரலாம். அவள் மனுப் போட்டாள். அண்ணாச்சி தனியாகப் போட்டிருந்த சிவில் வழக்கு சாகவில்லை. நஷ்டஈடு அவர் விட்டுப்போன வயலைத் தேடி வந்தது. வைக்கோலாகவே போதும் என்றார் அண்ணாச்சி. அறுத்ததும் வண்டியேற்றினாள்.

"வைக்கோலைக் கொண்டு போங்க, அண்ணாச்சி. தீ வச்ச பேரை நான் வாங்கிக்கிட மாட்டேன்" என்றாள்.

அப்பீல் மூன்று வருஷம் இழுத்தது. தாடி கண்ணாடியைத் தாண்டித் தொங்கியது. கீழே காமாட்சி விளக்கு; அதில் பற்றிக்கொண்டால் ஊர் வாய்க்கு அவல்தான். அதனால் மாரிக்கண்ணு சனிக்கிழமைதோறும் வந்து கத்தரித்துவிட்டுக் காபி குடித்துப் போவார். ஆறுமுகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றில் தண்ணீர் வந்ததையும் வயலில் எலி விழுந்ததையும் போட்டோவிடம் சொல்வாள். அவர் உயிரோடிருந்த காலத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகுகிறது.

தொண்ணூற்றேழு ஆடியில், தீ வைத்ததைக் கண்ட சாட்சி ஒருத்தருமில்லை என்று மேல்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மறுநாள் காலை போட்டோவில் முகம் வழுவழுவென்றிருந்தது. சிவசைலமே வந்து கும்பிட்டுப் போனார். ஆறுமுகத்தாய் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறி வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

"சிவசைலம் அண்ணாச்சி இதுக்கும் மேல ஒரு கோர்ட்டுக்குப் போவ மாட்டாவளா, வக்கீலய்யா?"

"செத்தவர் மேல யாரும் அப்பீல் போக முடியாதும்மா. எல்லாம் முடிஞ்சுது."

அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிணம் எடுத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள். எங்கள் ஊரில் அப்பாத்துரை காலமானது தொண்ணூற்றேழு என்றுதான் சொல்வோம். திதியும் ஆடியில்தான் கொடுக்கிறார்கள்.