ஷட்டரை மூடியது யார்

தைப்பேயின் வடக்கு வாசல் அருகே, கேமராக் கடைத் தெருவில் இருந்த லாயின் கடைக்குள் நுழையும் முன்பே யுன்ரூ முடிவு செய்திருந்தாள். வயர்லெஸ் ரிமோட் இனி வேண்டவே வேண்டாம். வயர் வைத்ததுதான்.

போன மாதம் ஹெஹுவான் மலையில் நடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. நட்சத்திரங்கள் வட்டமடிப்பதை ஒரே படத்தில் பிடிக்க கேமராவின் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். கையால் தொட்டால் கேமரா அசைந்துவிடும். அதனால் ரிமோட்டை ஒருமுறை அழுத்தித் திறப்பார்கள், மறுமுறை அழுத்தி மூடுவார்கள். அவள் திறந்துவிட்டுச் சும்மாதான் நின்றாள். பாதியில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள், மறுபடியும் அதே கதை. பல் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த ஓர் இரவும் வீண்.

அன்று பக்கத்தில் கேமரா முக்காலி போட்டிருந்தவர் பெங், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். அவர்களுடைய புகைப்படக் குழுவின் கண்காட்சியில் வருஷா வருஷம் நடுச்சுவர் அவருக்குத்தான். இந்த ரிமோட்டை வாங்கச் சொன்னவரும் அவரே. "என்னுதும் இதேதான், கண்ண மூடிட்டு வாங்கு" என்றிருந்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போதுதான் விளங்குவதுபோல் இருந்தது. அவர் வேண்டுமென்றே தன் படத்தைக் கெடுக்கிறார் என்று குழுவில் இரண்டு பேரிடம் அவள் சொல்லியும்விட்டாள்.

லாய் வயர்லெஸ்ஸில் வந்திருந்த புது மாடலைத்தான் முதலில் அவள் பக்கம் நகர்த்தினார். குளிரில் காருக்குள் இருந்தபடியே அழுத்தலாம் என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் பெங் எடுத்த படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஓகோ, இவரும் கூட்டா என்று யுன்ரூவுக்குத் தோன்றியது.

"வயர்தான் வேணும்ண்ணே" என்றாள்.

லாய் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். முனை தன் கேமராவில் பொருந்துகிறதா, அழுத்திய பொத்தானைப் பூட்டி வைக்க வழி இருக்கிறதா என்று அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய ரிமோட்டில் என்ன கோளாறு என்று கேட்ட லாய், அவள் கேமராவை இயக்கி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் சிறு பெட்டியை அதன் தலையில் மாட்டிக் கல்லாமேசை மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெங் உள்ளே வந்தார். யுன்ரூ சட்டென்று அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. தன் கேமராவை மேசையில் வைத்து, "இது பாதியில தானா மூடிக்குதுப்பா. நீயே பாரு" என்று ரிமோட்டை அழுத்தினார்.

இரண்டு கேமராக்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

யுன்ரூ அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தாள். பையிலிருந்து தன் ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். திறந்திருந்த இரண்டும் ஒன்றாக மூடிக்கொண்டன.

"ரெண்டும் ஒரே சேனல்ல கெடக்கு" என்றார் லாய். சேனலை மாற்ற பேட்டரி மூடிக்குள் இருக்கும் குட்டி சுவிட்சை வாங்கியதிலிருந்து இருவருமே தொடவில்லை.

பெங் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப என் படத்தக் கெடுத்தது நீதானா? எனக்கு அப்பவே உன்மேல சந்தேகம் இருந்துச்சு. ஆனா யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

கடைசி வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. "அண்ணே, நான் தொறந்துட்டேன். ரெண்டு பேர்கிட்ட. நீங்க வேணும்னே மூடுறீங்கன்னு சொல்லிட்டேன்."

"யார் யாரு?"

பெயர்களைச் சொன்னாள்.

"அதானே பாத்தேன். போன வாரம் டீ குடிக்கக் கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல வயித்துவலி."

அவர் சிரிக்கவில்லை. யுன்ரூ அங்கேயே போனை எடுத்தாள். இருவரையும் ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டு, அவர் காதில் விழும்படியே தன் தப்பைச் சொன்னாள். காது மடல் வரை சூடேறியது.

சேனலை மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றார் லாய். பெங் தலையசைத்து மறுத்தார். "எனக்கும் ஒரு வயரே குடு. சேனல மாத்திடலாம், மனச மாத்தத்தான் நாளாகும்."

அடுத்த அமாவாசைக்கு மலையில் அவர் சாலையின் மறுபக்கம் முக்காலி போட்டார். யுன்ரூவின் ஷட்டர் ஒருமுறைகூடப் பாதியில் மூடவில்லை. ஆனாலும் அவள் கண் அடிக்கடி இருட்டில் அவர் கைப்பக்கமே போய் வந்தது. அவரும் இந்தப் பக்கம் பார்த்தபடிதான் நின்றிருந்தார்.