நாலாவது கைப்பிடி

பாடைக்குப் பச்சை மூங்கிலை வரிந்து கட்டிக்கொண்டிருந்த வேலாயுதத்தின் தோளைத் தொட்டார் சுரங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி விநாயகமூர்த்தி. அவர் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. சாவு வீட்டு வாசலில் நின்று பேசக் கூசியவர்போல, வேலியோரம் வரச் சொன்னார்.

உள்ளே தம்புசாமியைக் கிடத்தியிருந்தார்கள். வேலாயுதத்தின் தங்கை தங்கமணியின் புருஷன். மச்சான்கள் இருவருக்கும் ஒரே பவர் ஹவுஸில், ஒருவர் விட்டு ஒருவர் ஷிப்டு. மலாயாவில், காஜாங்கிற்கு வெளியே இருந்த அந்த ஈயச் சுரங்கத்தின் ஐந்து பம்புகளுக்கும் கரண்டு அங்கிருந்துதான் போனது. நேற்றுக் காலை நாலாம் பம்பின் ஃபியூஸ் போய்விட்டது. தம்புசாமி சுவிட்ச் போர்டில் கைப்பிடியை இறக்கிவிட்டு, போர்டின் பின்பக்கம் போய் ஃபியூஸில் கை வைத்தான். அதில் கரண்டு இருந்தது.

இங்கிலீஷில் இருந்த காகிதத்தைக் கிராணி தமிழில் சொன்னார். இறந்தவர் தன் கவனக்குறைவால் தவறான கைப்பிடியை இறக்கினார். போர்டில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவுதான். மூத்த ஆபரேட்டர் என்று வேலாயுதம் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் தங்கமணி இன்னும் ஆறு மாதம் கம்பெனியின் லயத்து வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று துரை சொன்னாராம்.

"ஒண்டும் யோசியாதையும். போனவர் திரும்பி வரப்போறதில்லை. இருக்கிறவையைப் பாரும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

வேலாயுதத்துக்கு அந்தப் போர்டு கண்ணை மூடினாலும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்து, அடுத்ததாக ஐந்தாம் பம்பின் கைப்பிடி; நாலாம் பம்பின் கைப்பிடி கடைசியில். போன வருஷம் புதுப் பம்பு வந்தபோது நடுவில்தான் இடம் கிடைத்தது என்று அங்கே பொருத்திவிட்டார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வடிவம். தகட்டிலிருந்த எண்களை எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தது. எண்ணிக்கொண்டு போகும் கை நாலாவதில் போய் நின்றுவிடும். நேற்று ஐந்தாம் பம்பு ஓடவில்லை. அதனால் எந்தச் சத்தமும் நின்று தம்புசாமியை எச்சரிக்கவும் இல்லை.

பதினாறு நாளைக்கு முன்னால் வேலாயுதத்தின் கையும் அங்கேதான் போய் நின்றது. அன்று ஐந்தாம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் சட்டென்று அடங்கியதும் பதறிப்போய்க் கைப்பிடியைத் திரும்ப ஏற்றினான். பதிவுப் புத்தகத்தில், பெல்ட் நழுவி ஐந்தாம் பம்பு நின்றது என்று எழுதினான். முந்தின வருஷம் தன் தவறை மறைக்காமல் சொன்ன இராமலிங்கத்தை ஷிப்டு முடிவதற்குள் வெளியே அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் எவனும் வாய் திறப்பதில்லை. அன்று ஷிப்டு மாற வந்த தம்புசாமி, எல்லாம் சரிதானே மச்சான் என்று கேட்டான். சரிதான் என்று சொல்லிவிட்டு வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"நான் வைக்க மாட்டேன்" என்றான் இப்போது. கிராணியை வேலியோரத்திலேயே விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான் செஞ்ச அதே தப்பை நானும் செஞ்சேன். பதினாறு நாளாச்சு. வேலை போயிரும்னு பயந்து பொய் எழுதினேன். தப்பு அந்த மனுசன் கையில இல்ல. போர்டுல இருக்கு."

தங்கமணி வாசற்படிக்கு வந்திருந்தாள். அவள் ஓலமிடுவாள், அண்ணன் என்றும் பாராமல் தன்மேல் மண்ணை வாரி இறைப்பாள் என்று நினைத்தான். அவள் தணிந்த குரலில்தான் கேட்டாள்.

"அவருகிட்ட சொன்னியா அண்ணே?"

"சொல்லல."

அவள் உள்ளே போய்விட்டாள்.

கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பக்கிரிசாமி நிமிர்ந்தான். தனக்கும் ஒருமுறை அப்படி ஆனது என்றான். கொஞ்ச நேரம் கழித்து ரெங்கசாமி, தனக்கு இரண்டு முறை என்றான். உயிரோடு மிச்சமிருந்த ஆபரேட்டர்கள் அந்த மூன்று பேர்தான்.

அந்தக் காகிதத்தின் பின்பக்கம் இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதித் தரும்படி வேலாயுதம் கிராணியைக் கேட்டான். தன் வேலையும் போய்விடும் என்றார் அவர். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பாடையை யாரும் தூக்கவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கிராணி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதினார். மூவரும் கையெழுத்து வைத்தார்கள். கேட்காமலேயே அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, பிழையாக விழுந்திருந்த ஒரு தேதியைத் திருத்தினார். அதன் பிறகுதான் தம்புசாமி வீட்டை விட்டுப் புறப்பட்டான்.

எரித்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வேலாயுதம் மாலை ஷிப்டுக்குப் போனான். ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்பு குழைத்து எடுத்துப் போயிருந்தான். கைப்பிடிகளுக்குக் கீழே இருந்த மரச்சட்டத்தில், விரலாலேயே தொட்டு எண்களை எழுதினான். எஞ்சினியர் துரை வந்து அழிக்கச் சொன்னார். வேலாயுதம் மலாயில் பதில் சொன்னான்: அழிக்க வேண்டுமானால் துரையே அழிக்கட்டும், அடுத்த ஃபியூஸையும் துரையே மாற்றட்டும். சொல்லிவிட்டு மிச்சமிருந்த எண்ணையும் எழுதி முடித்தான். அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தங்கமணிக்கு வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள்.

மூன்று நாளாகத் தங்கமணி அண்ணனோடு பேசவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தப்பா வீட்டுக்குப் போவதற்காகப் பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். அப்போது பக்கிரிசாமி வந்தான். மூவரும் கையெழுத்து வைத்த காகிதத்தோடு பெரிய துரை வந்து போர்டின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். எண்களை யாரும் அழிக்கவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் இடம் மாற்றுவதற்கு அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களாம்.

அவன் போன பிறகு தங்கமணி கட்டுவதை நிறுத்தினாள்.

"எம்மாம் பெருசா எழுதின?"

வேலாயுதம் ஊசியை வைத்துவிட்டு, இவ்வளவு என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சுண்ணாம்பு அரித்து விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்காக ஆற்றி வைத்திருந்த காப்பிக் குவளையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.