சுதாகரனின் சவுண்ட் செட்

சுதாகரனுக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை. புதுப் பெரிய டிவிக்கென்று ஹட்டனில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே மஸ்கெலியா பஸ்ஸில் வந்து சேர்ந்தான். சத்தம் முன்னாலிருந்து வரும், பின்னாலிருந்து வரும், கூரையிலிருந்துகூட இறங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மனைவி தனுஜா மசியவில்லை.

"பழைய டிவியிலயும் இதே பாட்டுத்தானே கேட்டுச்சு? ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்கலாம்னாங்கதானே. ஞாயித்துக்கெழம நாலு பேரக் கூப்பிடுங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாது. யாராவது தானா சத்தத்த கவனிச்சா செட்டு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம கடைக்குத்தான்."

ஞாயிறு மதியம் நல்ல வெயில். பக்கத்து வீட்டு மாயாண்டி மாமாவும் வேலாயி அக்காவும் படம் பார்க்க வந்தார்கள். வில்லனின் கார் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்து வலப்பக்கமாகப் பாய்ந்தது. சுதாகரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"டிவி பெருசுதான் மாப்ள, செவுத்தயே மறைச்சிருச்சு" என்றார் மாமா.

துப்பாக்கிக் குண்டுகள் காதோரம் பறந்தன. வேலாயி அக்கா கதாநாயகியின் சேலை விலையைக் கேட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சுதாகரன் உள்ளுக்குள்ளேயே பொருமினான். வாயைத் திறந்தால் செட் போய்விடுமே! தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தனுஜா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது படத்தில் மழை பிடித்தது. தகரக் கூரை முழுக்கச் சடசடவென்று கொட்டியது.

"ஐயோ, துணி!"

கேத்தலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தனுஜா பின்வாசலால் பறந்தாள். "மழை! மழை!"

ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் தோட்டத்து லயத்தில் ஒருத்தி மழை என்று கத்தினால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவளின் துணிதான் முதலில் நனையும். திரையில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த வேலாயி அக்காவே எழுந்து ஓடினாள். மாமா வெளியில் காய்ந்த விறகுக்கட்டைத் தூக்கினார். ஆறு வீட்டுக் கொடிகளும் ஒரே நிமிடத்தில் காலியாகின.

பிறகுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணைக் கூசவைக்கும் வெயில். வீட்டுக்குள் மட்டும் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. தாடை வரை துணிகளை அள்ளிக்கொண்டு வந்த தனுஜா, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற புருஷனை முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை, அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது.

"ஒண்ணும் பேசாதீங்க. உள்ள போயி அந்த மழைய மொதல்லருந்து போடுங்க. நானும் ஒக்காந்து கேக்கணும்."