ரியாஸின் நெஞ்சுப் படம்

நிலோஃபர் எக்ஸ்ரே படிக்கப் போகிறாள் என்றதும் கோட்டைமேட்டில் பாதிப் பேர் அவள் ஸ்டூடியோவில் போட்டோ பிடிக்கப் போகிறாள் என்றே நினைத்துக்கொண்டார்கள். டவுன்ஹால் பக்கம் ட்ரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்த அவள் அத்தா அக்பர் அலி, கேட்டவர்களிடமெல்லாம், "மூஞ்சிய இல்லீங்க, உள்ளார எலும்பை எடுக்கற படிப்புங்க" என்று சிரிக்காமல் சொல்வார். தொண்ணூற்று நான்கில் அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் ரேடியாலஜி பட்டப்படிப்பில் சேர்ந்தாள். காலையில் முதல் இரண்டு மணி நேரம் வகுப்பு. மத்தியானத்துக்கு முன்னும் பின்னும் பக்கத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி.

எதிர்வீட்டு முகமது ரியாஸ் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டினான். சின்ன வயதில் அவனை 'ரியாஸண்ணா' என்று கூப்பிட்டவள்தான். எப்போதிலிருந்து அந்த 'அண்ணா' வாயில் வர மறுத்தது என்று அவளுக்கே தெரியாது. பிறகு பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் "ஏனுங்க" என்றே பேசப் பழகிக்கொண்டாள்.

காலையில் அவள் உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொள்வான். "இன்னைக்கு என்ன எலும்பு?" என்பான். அவள் மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களைச் சொல்வாள். அவன் திருப்பிச் சொல்லி எல்லாவற்றையும் குழப்புவான். பஸ் வந்துவிடும். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்காவது ஏதாவது சொல்லியிருப்பானோ, நான்தான் சீக்கிரம் ஏறிவிட்டேனோ என்று லட்சுமி மில் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே போவாள்.

இரண்டாம் வருடம், வெளிநாடு போகிறவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்கும் அறையில் அவளுக்குப் பயிற்சி போட்டார்கள். துபாய்க்கும் சவுதிக்கும் போகிற ஆண்கள் வரிசையாக வருவார்கள். நுரையீரலில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் பயணம் ரத்து. ஒருநாள் அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் அது யார் பெயர் என்று உறைத்தது.

ரியாஸ் உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"எப்பங்க முடிவாச்சு?" என்றாள்.

"போன வாரம். சவுதில, தம்மாம்ல ஒர்க்‌ஷாப்பு. மாமா விசா அனுப்பிச்சுட்டாரு. ரெண்டு தங்கச்சிக இருக்கறாளுக, அம்மாவுக்கும் முன்ன மாதிரி முடியறதில்ல. உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சட்டைய மட்டும் கழட்டிருங்க. கழுத்துல ஏதாச்சும் இருந்தா அதையும்."

பனியனோடு வந்து நின்றான். நெஞ்சைப் பலகையோடு ஒட்டச் சொன்னாள். தாடையைத் தூக்கச் சொன்னாள். தோள்களைத் தொட்டு முன்னால் தள்ளி, பனியனுக்குள் ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் அதைச் செய்தாள். அவனை மட்டும் தொட முடியவில்லை. வாயாலேயே சொல்லிவிட்டு ஈயத்தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக் குனிந்தபோது, பனியனுக்குள்ளிருந்து தோலில் தைத்த ஒரு தாயத்து கழுத்தோரம் நழுவி வந்து தொங்கியது. கறுப்புக் கயிற்றில் கோத்து முதுகுப்பக்கம் ஒதுக்கி வைத்திருந்தான். நிமிர்ந்து அவளிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

இருட்டறையில் படத்தைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினாள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் புகைபோல ஒரு வெளுத்த திட்டு. காசநோயைச் சந்தேகிக்க வைக்கும் இடம். தாயத்து உலோகமாக இருந்திருந்தால் யாருக்கும் பளிச்சென்று தெரிந்திருக்கும். தோலும் காகிதமும் அப்படித் தெரியாமல் நோய்த் திட்டுபோலவே விழும்.

படத்தைக் காயப்போட்டுவிட்டு வெளியே வந்தாள். படங்களைப் பார்த்து முடிவு எழுதும் டாக்டரம்மா பிற்பகலில்தான் வருவார். டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், அவன் போக மாட்டான். நாளைக்கும் சைக்கிள் வந்து நிற்கும். அந்த எண்ணம் இனிப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள்.

பிறகு அவன் அம்மா ஜன்னத்தின் முகம் நினைவுக்கு வந்தது. இல்லாத நோய்க்கு மாத்திரை. தெருவில் ஒதுங்கி நடப்பவர்கள். தங்கச்சிகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழப்போகும் பேச்சு. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பொறுப்பாளர் பாலகோபால் சார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், அது தாயத்துங்க. நாந்தான் தொட்டுப் பாக்காம விட்டுப்போட்டேன். மறுபடி எடுக்கோணுமுங்க."

"ஏம்மா, இதத்தான முதல்ல பாக்கோணும்? வீணா அவருக்கு இன்னொருக்கா கதிர் படுது பாரு." கோபமாகச் சொன்னாலும், "ஆளக் கூப்பிடு" என்றார்.

மறுநாள் ரியாஸ் வந்தான். இந்தமுறை அவள் தோளில் கைவைத்தாள். ஒரு நொடிதான். படம் சுத்தமாக வந்தது. வராந்தாவில் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பேசாம இருந்திருக்கலாமே, நிலோஃபர்."

"ஏனுங்க?"

"நேத்து ராத்திரி பூரா, படத்துல ஏதாச்சும் இருந்து தொலைக்கட்டும்னு துவா கேட்டுட்டிருந்தேன். போகச் சொல்றதுக்கு ஊட்டுல எல்லாரும் இருக்கறாங்க. இருன்னு சொல்ல ஒருத்தருமில்ல."

அவள் கண் நிறைந்தது. "நான் இருக்கறேனுங்க. ஆனா பொய்யா ஒரு சீக்க உங்க நெஞ்சுல வெச்சு, உங்கள இங்க புடிச்சு வெக்க மாட்டேன்."

அவன் நிமிர்ந்தான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தான். "படிப்பு முடிய எத்தன நாளாகும்?"

"நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருமுங்க."

அவன் போனான். உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்பது அதன்பிறகு சும்மா நிற்பதாகிவிட்டது. யாராவது சைக்கிளில் பிரேக் பிடித்தால் கழுத்து தானாகத் திரும்பும். சி.டி. ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். புதிதாக ஏதாவது கற்றுக்கொண்ட அன்று அதை அவனிடம் சொல்வதுபோல வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தொண்ணூற்றேழில் அவள் தேறினாள். அந்த வருடமே அவன் விடுமுறையில் வந்தான். ஜன்னத் தட்டு வைத்துப் பெண் கேட்டார். அக்பர் அலி மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நிக்காஹ் ஆன கையோடு இருவரும் வெள்ளியங்கிரி அடிவாரம்வரை பஸ்ஸில் ஒருநாள் போய் வந்தார்கள். அவன் மணிக்கட்டு எலும்புகளைத் தப்பில்லாமல் சொன்னான். விடுமுறை முடிந்து அவன் தம்மாம் திரும்பினான். கிடைத்துவிட்டால் ஏக்கம் தீரும் என்று நினைத்திருந்தவளுக்கு, அது இன்னும் கூடத்தான் செய்யும் என்று தலையணையில் அவன் தலை பதிந்த பள்ளம் கற்றுக்கொடுத்தது.

தம்மாம் ஆஸ்பத்திரிகளில் பெண் ரேடியோகிராஃபர்களுக்கு வேலை இருக்கிறதாம், அனுபவம் கேட்கிறார்களாம் என்று அவன் விசாரித்துச் சொன்னான். அந்த அனுபவத்துக்காகப் பொள்ளாச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் அத்தாவின் கடைக்கு அவன் போன் செய்வான். ஒருநாள் லைன் இரைச்சலாக இருந்தது.

"ஆனைமலையிலிருந்து தென்னை மரமேறி ஒருத்தரு வந்தாருங்க. முதுகுல அடி. 'அம்மணி, மறுபடி எப்ப ஏறலாம்'னு அதையே கேட்டுட்டிருந்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"டாக்டரைக் கேளுங்கன்னு சொன்னேன். ஏறிருவாருங்க. எலும்பு நல்லாத்தான் இருக்குது."

  கடையில் அடுக்கியிருந்த ட்ரங்குப் பெட்டிகளுக்கு வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

"அது என்ன சத்தம்?" என்றான்.

"மழைங்க."

"மழையா? இங்க மழையப் பாத்தே பல மாசமாச்சு. கொஞ்சம் வெளியில காட்டு."

நிலோஃபர் ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு கடைவாசலுக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே ரிசீவரைத் தெருப்பக்கமாக நீட்டிப் பிடித்தாள். உள்ளங்கையும் முக்காட்டு நுனியும் நனைந்தன. அவனுக்குப் போன் காசு ஏறுகிறதே என்று நினைத்தாள். ஆனாலும் காதில் வைத்துப் பார்க்கவில்லை. அவன் கேட்டு முடிக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.