ஒன்பது நிமிடப் பதிவு

ஒன்பது நிமிடம் ஓட வேண்டிய பதிவு பதினோரு நொடியில் நின்றுவிட்டது. அவள் மறுபடி ஓடவிட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதாடி?" என்றது அம்மாவின் குரல். அதோடு சரி.

அது வெறும் சோதனைப் பதிவு. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்தது. அப்புறம் அம்மா அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்கும் வெளியூரில் இருக்கும் அக்காவுக்குமாக ஒன்பது நிமிடம் பேசினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் கிடையாது. தான் வீடு திரும்புவதற்குள் மகள்கள் இரண்டு பேரும் கேட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

ஃபோனிலிருந்து மடிக்கணினிக்கு ஏற்றியபோது சோதனைப் பதிவுக்கு ஒன்று, ஒன்பது நிமிடப் பதிவுக்கு இரண்டு என்று பெயர் வைத்திருந்தாள். மாலைக் கணினி வகுப்பில் கட்டளை அடிக்கப் படித்த கையோடு, பெயர்களுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இரண்டையும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தப் பார்த்தாள். எந்த ஃபோல்டர் என்று அடிக்காமலே என்டரைத் தட்டியிருக்கிறாள். கணினி வாயே திறக்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்து ஃபோனில் இருந்ததையும் அழித்துவிட்டாள்.

வகுப்பு வாத்தியார் இரண்டு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, அதே கட்டளைக்கு முன்னால், அதை ஓட்டாமல் திரையில் எழுதிக் காட்ட மட்டும் செய்யும் 'எக்கோ'வைச் சேர்த்து அடிக்கச் சொன்னார். திரையில் நட்சத்திரம் இல்லை. இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நின்றன.

"பாத்தியாம்மா, நட்சத்திரம் கோப்ப நகர்த்துற புரோகிராம் கைக்கே போகல. நாம அடிக்கிறத முதல்ல வாங்குற ஷெல்லே அத எடுத்துட்டு, ரெண்டு கோப்போட பேரையும் எழுதிக் குடுத்துடுச்சு. நீ முதல் கோப்ப ரெண்டாவது மேல வைக்கச் சொல்றேன்னு அது நெனச்சுக்கிச்சு. ரெண்டாவது பேர்ல இப்ப இருக்கறது முதல் கோப்புதான்."

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"அதப் பொறுத்தவரைக்கும் தப்பே இல்லையேம்மா."

மீட்கப் பார்க்கிறேன் என்று மடிக்கணினியை எடுத்துப்போனவர், மூன்றாம் நாள் முகம் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். அவள் நோட்டில் எழுதினாள்: முதலில் எக்கோ. பிறகு கட்டளை. நகல் இல்லாமல் எதையும் தொடாதே. அதற்குக் கீழே, 'இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதி அடித்தாள். மறுபடி எழுதினாள்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு, கையில் சிலேட்டு. 'இனி என்கிட்ட திட்டு வாங்க மாட்டே' என்று எழுதிக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு துடைத்துவிட்டு எழுதினாள்: 'கேட்டீங்களா?'

மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அம்மா சாக்பீஸைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.