பெயரில்லாத் துண்டறிக்கையின் கடைசி வரி

ஹார்ட்மூட் ப்ரேமருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. முதலாவது, அவருடைய வேலிச்செடி ஒன்றேகால் மீட்டரைத் தாண்டி நான்கு விரற்கடை வளர்ந்ததற்கு. இரண்டாவது, ஒன்றிலிருந்து மூன்று வரையான மதிய அமைதி முடியும் முன்பே, அதாவது இரண்டு ஐம்பத்தெட்டுக்கே, புல்வெட்டியை ஓட்டியதற்கு. மூன்றாவது வந்தால் குத்தகை ரத்து. நகரவாசிகளுக்குத் தோட்டம் போட மனைகளைக் குத்தகைக்கு விடும் காஸெல் நகரத்து ரயில் பாதையோரத் தோட்டச் சங்கத்தில் முப்பத்தோராம் எண் மனை கைவிட்டுப் போகும். கூடவே, ஒரே அடிமரத்தில் நான்கு வகைப் பேரிக்காய் காய்க்கும்படி பதினெட்டு வருடமாக ஒட்டுக்கட்டி வளர்த்த மரமும் போகும்.

கடிதங்களில் கையெழுத்திட்டவர் சங்கத் தலைவர் வின்ஃப்ரீட் க்ளாப்ரோட். தோட்டத்து மரவீடு இருபத்து நான்கு சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். தலைவரின் மரவீட்டிலோ போன கோடையில் ஒரு கண்ணாடித் தாழ்வாரம் முளைத்திருந்தது. ஊரார் வேலிக்கெல்லாம் அளவுகோலோடு வந்து நிற்கும் மனிதர், சொந்த வாசலுக்கு வரும்போது மட்டும் அதை எங்கோ வைத்துவிட்டு வருவார்.

இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சொன்னது யாரென்று மட்டும் தெரியக் கூடாது. வேறொருவராக இருந்தால் ஒரு தாளில் எழுதி, ஆள் இல்லாத நேரத்தில் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போயிருப்பார். ஹார்ட்மூட் லினக்ஸ்காரர். ஐந்து நிமிட வேலையை ஐந்து வாரத்தில் முடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

போன இலையுதிர் காலத்தில் பழைய விண்டோஸுக்குப் பராமரிப்பு நின்றபோது, சங்கத்தில் பதினொரு பேருடைய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். விதைப் பட்டியல், ஜாம் செய்முறை பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்லி, கோப்புகளைப் பெயர் தெரியாமல் கைமாற்றும் மென்பொருள் ஒன்றையும் கூடவே நிறுவினார். அதன் கையேட்டில் முக்கியமான இடங்களிலெல்லாம் 'அடுத்த அத்தியாயத்தில் காண்க' என்று இருந்தது. அடுத்த அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. இப்போது தன் மரவீட்டை ஒட்டி ஒரு சிறு சார்ப்பு இறக்கி, பழைய கணினி ஒன்றை அதில் இரவு பகலாக ஓடவிட்டார்.

"அப்படி என்னதான் பண்ணுது அந்தப் பெட்டி? ராத்திரியெல்லாம் பூனை மாதிரி உறுமுது" என்று கேட்டாள் பக்கத்து மனை கெஸீனா போல்மான், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

இப்படி ஒருவர் கேட்பதற்காகவே ஹார்ட்மூட் பிறந்திருந்தார்.

"கோப்பைத் துண்டு துண்டா வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பூட்டுப் போடும். அப்புறம் ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்குக் கைமாத்தி விடும். இப்ப நீ எங்கிட்ட ஒரு துண்டு கேக்கிறேன்னு வை. அது உனக்கா, உனக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கான்னு எனக்குத் தெரியாது. குடுக்கிறது நானா, எனக்குப் பின்னாடி இருக்கிறவனான்னு உனக்குத் தெரியாது."

"அதாவது, யாருக்கும் எதுவும் தெரியாது."

"அதேதான்! அழகு இல்ல?"

"நம்ம சங்கக் கூட்டமும் அப்படித்தானே நடக்குது" என்றாள் கெஸீனா.

தலைவரின் தாழ்வாரத்தைப் பற்றி அவர் எழுதிய துண்டறிக்கை ஒரே பக்கம். ரகசிய அளவைப் பத்தில் வைத்து ஏற்றினார். ஒன்பது நாள் ஒரு துண்டுகூட நகரவில்லை. காரணம் எளிது: ரகசியம் என்பது கூட்டத்தில் ஒளிந்துகொள்வது. நிறையப் போக்குவரத்து இருந்தால்தான் அதற்குள் உங்கள் துண்டு மறையும். அளவை ஏற்ற ஏற்ற, போதிய கூட்டம் சேரும்வரை மென்பொருள் காத்திருக்கும். இங்கே இருந்த கூட்டம் மொத்தம் பன்னிரண்டு கணினி, அதில் பாதி பெரும்பாலும் மூடியே கிடப்பவை. கடைசியில் அளவை ஒன்றுக்கு இறக்கினார். காப்பி ஆறுவதற்குள் கோப்பு கிளம்பி, இரவுக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கெஸீனா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வேலியருகே வந்தாள்.

"ஹார்ட்மூட், இந்த நோட்டீஸ் எழுதின மர்ம மனுஷன் ரொம்ப நல்லா எழுதியிருக்கான்பா."

"அப்படியா? யாரா இருக்கும்னு நினைக்கிற?"

"அதுதான் குழப்பமா இருக்கு. கடைசி வரியில உன் பேரு, மனை எண், ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கு. இமெயில்கூடப் போட்டிருக்கான். உன்னை மாட்டி விடப் பாக்குறானோ?"

ஹார்ட்மூட் எட்டிப் பார்த்தார். 'உள்ளடக்கத்துக்குச் சட்டப்படி பொறுப்பு: ஹார்ட்மூட் ப்ரேமர், மனை 31.' சைக்கிள் சங்கத்துக்கு முப்பது வருடம் துண்டறிக்கை எழுதிய கை அது. அடியில் பொறுப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத துண்டறிக்கையை அந்த ஊரில் நாகரிகமுள்ள எவரும் வெளியிட மாட்டார்கள். மூளை ஒளிந்துகொள்ளச் சொன்னது. கை ஒழுங்காக விலாசம் எழுதிவிட்டது.

"அழிச்சிடேன்" என்றாள் கெஸீனா.

"முடியாது. துண்டுங்க பன்னெண்டு மெஷின்லயும் பரவிடுச்சு. யார் நினைச்சாலும் அழிக்க முடியாது. அதுதான் இந்த மென்பொருளோட சிறப்பே."

"நல்ல சிறப்பு. பேரிக்கா மரத்துக்குச் சொல்லிட்டியா?"

ஹார்ட்மூட் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பதினொரு பேரில் க்ளாப்ரோட்டும் ஒருவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். உருளைக்கிழங்கு சாலட் கிண்ணங்களுக்கு நடுவே தலைவர் எழுந்தார். கையில் துண்டறிக்கையின் அச்சுப்படி. ஹார்ட்மூட் கடித்த தொத்திறைச்சியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இந்த வருஷம் என்னைப் பத்தி மூணு மொட்டைக் கடுதாசி வந்துச்சு" என்றார் க்ளாப்ரோட். "விதி பதினாலு: பேர் இல்லாத புகாரைக் கண்ணெடுத்தும் பாக்கக் கூடாது. மூணையும் குப்பையில போட்டேன். சந்தோஷமாவே போட்டேன். ஆனா இதுல பேர் இருக்கு, மனை எண் இருக்கு. ஃபோன் பண்ணிப் பாத்தேன், ஹெர் ப்ரேமர். நீங்கதான் எடுத்தீங்க."

"ஆமா, ஹெர் க்ளாப்ரோட்."

"நான் பேசாம வெச்சிட்டேன். மன்னிக்கணும்." அவர் முகம் வினிகர் குடித்தது போலிருந்தது. "முறையான புகார் குடுத்தவருக்கு அதுக்காக எச்சரிக்கை அனுப்பக் கூடாது, அதே விதி, மூணாம் பிரிவு. புகாரை விசாரிச்சே ஆகணும், நாலாம் பிரிவு. ஒருத்தர் வீட்டை அளந்தா எல்லார் வீட்டையும் அளக்கணும், அஞ்சாம் பிரிவு."

எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். மதிய அமைதி முடிந்து சரியாக மூன்று மணிக்கு அளவு நாடா வெளியே வந்தது. நாடாவுக்குச் சத்தம் கிடையாதுதான். இருந்தாலும் நேரம் நேரம்தானே.

தலைவரின் மரவீடு இருபத்தாறு புள்ளி எட்டு. கண்ணாடித் தாழ்வாரம் போக வேண்டியதுதான். முப்பத்தோராம் மனைக்கு வந்தபோது க்ளாப்ரோட் தானே குனிந்து நாடாவைப் பிடித்தார். அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

"இருபத்து நாலு புள்ளி மூணு. இந்தச் சார்ப்பு என்னது, ஹெர் ப்ரேமர்?"

"கணினி... பாதுகாப்புக்காக."

"கூரை இருக்கில்ல? அப்ப கணக்குல சேரும். ரெண்டு வாரம் டைம்."

பேரி மரம் பிழைத்தது. சார்ப்பு போயிற்று. உறுமும் பெட்டிக்கு வேறு இடமில்லாததால் அதன் மின்கம்பியை ஹார்ட்மூட்டே பிடுங்கினார். கூட்டம் பதினொன்றாகக் குறைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெஸீனா ஒரு பென் டிரைவை வேலிக்கு மேலாக நீட்டினாள். வேலி மிகச் சரியாக ஒன்றேகால் மீட்டர் இருந்தது.

"இந்தா, நெல்லிக்கா ஜாம் செய்முறை. யாரு குடுத்தான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு."

ஹார்ட்மூட் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தார். கடைசி வரியில் அவள் பெயரும் மனை எண்ணும் இருந்தன.