சதுர அடி வரி

கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது நகராட்சியின் வக்கீல், மன்ற உறுப்பினரான கேனியனைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே அக்கா லார்க் எழுந்து எதிரே போனாள்.

"என்னடா?"

"நான் ஓட்டுப் போடக் கூடாதாம்க்கா. உன் கஞ்சாத் தோட்டம் இருக்கற நிலத்துல என் பேரும் இருக்கு இல்ல? வரி குறைஞ்சா எனக்கும் லாபமாம். அந்தப் பேச்சு வர்றப்போ ஹாலை விட்டே வெளிய போயிடணுமாம்."

"இதுக்காகத்தானேடா எலெக்‌ஷன்ல நின்ன! நாய் கடிச்சும் வீடு வீடா ஏறி இறங்கினியே!"

"அந்த நாய்க்கு அப்பவே தெரிஞ்சிருக்கு," என்றான் தம்பி. இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

"நிலத்தை என் பேருக்கு மாத்திக் குடுத்துடேன்."

"இப்பவா? பட்ஜெட்டை இன்னிக்கே முடிக்கறாங்கக்கா."

யாரைத் திட்டுவது? கலிபோர்னியாவின் இந்த மலையூரில் அந்த வரியை யாரும் மேலிருந்து திணிக்கவில்லை. கஞ்சா வளர்க்கச் சட்டம் அனுமதித்த வருஷம், எதன்மேல் வரி போடலாம் என்று நகராட்சி விவசாயிகளையே கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டது. விற்பனைமேல் என்றால் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு விற்றது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இவர்களோ, கஞ்சாத் தேடி வரும் போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மரத்தடியில் பதுங்கியே வளர்ந்த சனங்கள். பெற்ற பிள்ளையிடம்கூட விளைச்சலைச் சொன்னதில்லை. "எடையைக் கேக்காதீங்க, இடத்தை அளந்துக்குங்க" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அதில் உரக்கக் கேட்டது லார்க்கின் குரல்தான்.

அன்றிலிருந்து, உரிமம் வாங்கிய ஒவ்வொரு சதுர அடிக்கும் வரி. அங்கே செடி நின்றாலும் சரி, களை நின்றாலும் சரி. இப்போது கஞ்சா விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. பாதிப் பாத்திகளில் அவள் செடியே வைக்கவில்லை. வரி மட்டும் இம்மி அசையவில்லை. இன்று குறைக்காவிட்டால் வரிப் பாக்கிக்கு நிலமே போய்விடும்.

வரி விஷயம் வந்தது. மேயரையும் சேர்த்து மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரில் கேனியன் மட்டும் எழுந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

லார்க் பேசினாள். காலிப் பாத்திகளைச் சொன்னாள், நிலத்தைச் சொன்னாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே, அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்து மணி அடித்தது. அடுத்து வந்த பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "இந்த வரிலதான் எங்க நீச்சல் குளம் ஓடுது. குறைச்சா மூடிடுவாங்க. அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாள். அவளிடம் லார்க் என்ன சண்டை போடுவாள்?

"நீங்களா கேட்ட வரிதானேம்மா இது?" என்றார் மூத்த உறுப்பினர் டெல்மர். குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம். மனுஷன் பாவம் பார்த்துத்தான் சொன்னார்.

குறைக்கலாம் என்று இரண்டு கைகள். வேண்டாம் என்று இரண்டு.

"சமமா வந்தா தீர்மானம் தோத்த மாதிரிதான்," என்றார் மேயரம்மா. "மன்னிச்சுக்கம்மா லார்க்."

கண்ணாடிக்கு வெளியே இருந்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தி அக்காவிடம் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு கை கிடைக்கத்தான் அவன் ஊரெல்லாம் கும்பிடு போட்டு அலைந்தான்.

"கேனியனை உள்ள வரச் சொல்லுங்க."

அவன் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த விஷயம், பூங்காக் குளத்து வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்று பலகை வைப்பது. சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயரம்மா. கேனியன் அக்காவைப் பார்த்தபடியே கையைத் தூக்கினான்.

இந்த முறை அவன் கையையும் எண்ணிக்கொண்டார்கள்.